சும்மா பார்க்க வந்தோம்

என்னோடு பி.காம். படித்த நண்பன் ஒருவன் பிரான்சில் இருக்கிறான். சொந்த ஊர் புதுச்சேரி. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பொங்கலுக்கு வருவான். வந்தவன் காபி டம்ளரைக் கையில் வாங்குவதற்கு முன்பே செல்போனை நீட்டி போட்டோ காட்ட ஆரம்பித்துவிடுவான்.

போன தடவை காட்டியது எல்லாமே சைக்கிள் படங்கள். மேற்கு பிரான்சில், நியோர், லா ரோஷெல் ஆகிய ஊர்களுக்கு நடுவே மரே புவாத்வேன் என்று ஒரு சதுப்பு நிலப் பகுதி இருக்கிறது. எங்கே பார்த்தாலும் வாய்க்கால். தண்ணீரே தெரியாதபடி மேலே பச்சைப் பாசி. இரண்டு கரையிலும் மரங்கள், நிழலில் தட்டைப் படகுகள், கரையோரமாகவே சைக்கிள் பாதை. அந்த ஊர்க்காரர்கள் அதைச் செல்லமாகப் ‘பச்சை வெனிஸ்’ என்கிறார்கள். ஒவ்வொரு படத்திலும் நண்பன் ஹெல்மெட்டோடு ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றுகொண்டிருந்தான்.

“இந்த மாதிரி ஒரு எடம் நம்ம ஊர்ல காட்டுடா பாக்கலாம்” என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. “கடலூர் ஜில்லாவுக்கு வா, காட்டறேன்” என்றேன். வீராணம் இருக்கிறது, வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி இருக்கின்றன, கொஞ்சம் தள்ளிப் போனால் பிச்சாவரம். தண்ணீருக்கும் பச்சைக்கும் என்ன குறைச்சல்? தங்குவதற்கு நெய்வேலியில் என் அக்கா வீடு. மாமா நிலக்கரி நிறுவனத்தில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். க்வார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, டவுன்ஷிப்புக்கு வெளியே இந்திரா நகரில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். அவருடைய பழைய ஹெர்குலிஸ் ஒன்று, அக்கா பையனின் கியர் சைக்கிள் ஒன்று. தை மாதம், நல்ல குளிர். கிளம்பிவிட்டோம்.

*

நெய்வேலி டவுன்ஷிப்பை சைக்கிளில் சுற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தமிழ்நாட்டில் இப்படி ஒரு ஊர் இன்னொன்று கிடைப்பது கஷ்டம். அகலமான இரட்டைச் சாலைகள். இரண்டு பக்கமும் குடை பிடிக்கிற மரங்கள். பகுதிகளுக்கு வட்டம் ஒன்று, வட்டம் இரண்டு என்று நம்பர். வீட்டுக்கு வீடு மாமரம், பலாமரம், முருங்கை. ஒரு காலத்தில் ஷிப்ட் மாறும் நேரத்தில் இந்தச் சாலைகளில் சைக்கிள் வெள்ளமாகப் போகும் என்று மாமா சொல்வார். இன்று எல்லாம் ஸ்கூட்டர், கார். சாலை சைக்கிள்காரனுக்குக் காலியாகக் கிடக்கிறது.

“பிரமாதம்டா” என்றான் நண்பன். எனக்கு ஏதோ நானே கட்டிய ஊர் மாதிரி பெருமை.

அடுத்து சுரங்கத்தைக் காட்டலாம் என்று மந்தாரக்குப்பம் பக்கம் போனோம். சுரங்கத்தை ஒட்டிய ஒரு கிராமத்துப் பாதை. முந்திரித் தோப்பு முடிகிற இடத்தில் செம்மண் மேடு. மேட்டில் ஏறி நின்றால், கீழே பூமியையே காணோம். படிப்படியாக இறங்குகிற பள்ளம். தூரத்தில் பல்சக்கரம் வைத்த ராட்சத இயந்திரம் பொம்மை மாதிரி மண்ணைச் சுரண்டிக்கொண்டிருக்கிறது. ஜெர்மனியிலிருந்து வந்த தொழில்நுட்பம். மேல்மண்ணை ஐம்பது, நூறு மீட்டர் என்று அகற்றினால்தான் அடியில் இருக்கிற பழுப்பு நிலக்கரி தட்டுப்படும்.

நண்பன் மளமளவென்று போட்டோ எடுத்தான். என்னை ஓரத்தில் நிற்கவைத்து ஒன்று, அவனை நிற்கவைத்து ஒன்று, இரண்டு பேரும் சேர்ந்து ஒன்று. அப்போதுதான் பின்னாலிருந்து குரல் கேட்டது.

“யாரு வீட்டுக்கு வந்திருக்கீங்க?”

எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கையில் கழி. ஏழெட்டு ஆடுகள்.

“யாரு வீட்டுக்கும் இல்லீங்கய்யா. சும்மா பாக்க வந்தோம்.”

“பாருங்க, பாருங்க” என்றார். பிறகு கழியை நீட்டிப் பள்ளத்தின் நடுவே எதையோ காட்டினார். அங்கே எதுவும் இல்லை. வெறும் வெளி. “அங்கதான் தம்பி எங்க ஊரு இருந்துச்சு. இப்ப காத்துல இருக்கு.”

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அவர் பள்ளத்தின் அடியைக் காட்டவில்லை. பள்ளம் இல்லாதபோது தரை இருந்த உயரத்தைக் காட்டுகிறார்.

“பணம் குடுத்தாங்க. மாத்து எடம் குடுத்தாங்க. இல்லேன்னு சொன்னா நாக்கு அழுவிடும். மாரியாத்தாள தூக்கியாந்து இங்க கோயில் கட்டிட்டோம். அரசமரத்தத்தான் தூக்கியார முடியல” என்றார். கொஞ்ச நேரம் ஆடுகளைப் பார்த்தார். “சரி, பாத்துட்டுப் போயி என்ன பண்ணுவீங்க?”

நண்பன் சிரித்தபடி, “போட்டோவை ஃப்ரெண்ட்ஸுக்குக் காட்டுவேன் தாத்தா” என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

*

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஊர் சுற்றுகிற நம் எல்லோரிடமும் கேட்க வேண்டிய கேள்விதான். பார்ப்பதில் தப்பென்ன என்று தோன்றும். பார்ப்பதால் யாருக்கும் எதுவும் குறைவதில்லை. நாம் எதையும் எடுத்துக்கொண்டு போவதுமில்லை. கண்ணுக்கு டிக்கெட் கிடையாது.

ஆனால் நாம் ஒரு வீட்டுக்குள் போய்ப் பார்ப்பதற்கு நம் ஊரில் இரண்டு முறை உண்டு. ஒன்று, பெண் பார்க்கப் போவது. கும்பலாகப் போய் உட்கார்ந்து, சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டு, நிறம், உயரம், கூடம், கொல்லை என்று எல்லாவற்றுக்கும் மனதுக்குள் மார்க் போட்டு, “ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்” என்று எழுந்து வந்துவிடலாம். லெட்டர் போகாவிட்டாலும் கேட்பதற்கில்லை. இன்னொன்று, துக்கம் விசாரிக்கப் போவது. அங்கே நாம் மார்க் போடுவதில்லை. போய் உட்கார்கிறோம். “எப்படி ஆச்சு?” என்று கேட்கிறோம். அவர்கள் ஏற்கனவே ஐம்பது பேரிடம் சொன்னதை மறுபடி சொல்கிறார்கள். நாம் போனதால் போன உயிர் திரும்பப் போவதில்லை. ஆனாலும் போகாமல் இருந்தால் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டார்கள்.

இரண்டுமே பார்ப்பதுதான். இரண்டிலுமே நம்மால் அந்த வீட்டுக்குப் பெரிய உபகாரம் எதுவும் இல்லை. ஆனால் ஒன்றில் நாம் பார்க்கிறோம், மற்றதில் விசாரிக்கிறோம்.

டூரிஸ்ட் என்கிற பெயரில் நாம் செய்வது பெரும்பாலும் முதல் வகை. “ஊட்டி முன்ன மாதிரி இல்ல சார்”, “பிச்சாவரம் பரவாயில்ல, போட்டிங் ரேட்டுதான் ஜாஸ்தி” என்று மார்க் போட்டுவிட்டு வந்துவிடுகிறோம். பிச்சாவரத்தில் சுரபுன்னைக் காட்டுக்குள் படகில் போகிறவர்களில் பாதிப் பேருக்கு அங்கே ‘இதயக்கனி’ ஷூட்டிங் நடந்தது தெரியும். அந்தத் தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடித்துப் பிழைக்கும் இருளர் குடும்பங்கள் அதே கரையில் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 2022-ல் அது ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது படித்துவிட்டுச் சந்தோஷப்பட்டோம். விசாரிக்கவில்லை.

*

அடுத்த நாள் விடிவதற்கு முன்பே கிளம்பினோம். வடக்குத்து, வடலூர், சேத்தியாத்தோப்பு சாலை, முடிந்தால் வீராணம் கரை வரை. போக ஒரு முப்பது கிலோமீட்டர் சொச்சம். திரும்பும்போது சைக்கிளை ஏதாவது மினி லாரியில் போட்டுக்கொள்ளலாம் என்று ஏற்பாடு.

வடக்குத்தில் ஒரு பெரிய காம்பவுண்டு. வீராணம் தண்ணீரைச் சுத்திகரிக்கிற நிலையம். இங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் பயணம் செய்து அந்தத் தண்ணீர் சென்னைக்குப் போகிறது. 2004-ல் வந்த புதிய வீராணம் திட்டம். நான் சென்னையில் இருக்கிற ஏரியாவுக்கும் இந்தத் தண்ணீர்தான். இத்தனை வருஷமாகக் குடிக்கிறேன். அது கிளம்புகிற இடத்தை அன்றுதான் பார்த்தேன், அதுவும் சைக்கிள் செயின் கழன்றதால்.

வீராணம் வற்றுகிற வருஷங்களில் நெய்வேலியைச் சுற்றியுள்ள ஆழ்துளைக் கிணறுகளிலிருந்தும் சென்னைக்குத் தண்ணீர் போகும். இந்த மண்ணுக்கு அடியில் அவ்வளவு தண்ணீர் இருக்கிறது. நெய்வேலியின் கதையே கிணற்றில்தான் ஆரம்பித்தது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. பிறகு திட்டம் வந்தபோது தன் நிலத்தில் நூற்றுக்கணக்கான ஏக்கரையும் கொடுத்தார். 1956-ல் நிறுவனம் பிறந்தது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961-ல் நிலக்கரி கண்ணில் பட்டது. 1962-ல் சோவியத் உதவியோடு மின்சாரம்.

ஒரு சங்கடம் இருந்தது. நிலக்கரிக்குக் கீழே தண்ணீர் சும்மா கிடக்கவில்லை, அழுத்தத்தோடு முட்டிக்கொண்டு நிற்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ. இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம். நிறுத்தினால் தரையைப் பிளந்துகொண்டு உள்ளே வந்துவிடும். ஆகவே அறுபது வருஷத்துக்கு மேலாக இரவு பகலாக பம்ப் ஓடிக்கொண்டிருக்கிறது.

வடலூரில் இறங்கி சபையைப் பார்த்தோம். பக்கத்திலேயே தருமசாலை. 1867-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு. இன்றுவரை அணையாமல் எரிகிறது, வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடு. யார், என்ன ஜாதி, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்பதில்லை. பசி இருந்தால் போதும். நாங்களும் உட்கார்ந்து சாப்பிட்டோம். சுற்று வட்டாரத்தில் அணையக் கூடாத நெருப்பு இரண்டு இருக்கிறது, ஒன்று இந்த அடுப்பு, இன்னொன்று அங்கே பாய்லர் என்று நண்பன் சொன்னான். ஜோக்காகத்தான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டிலும் நான் சாப்பிட்டவன்.

*

வாலாஜா ஏரிக் கரையில் ஏறியபோது வெயில் லேசாகத்தான் இருந்தது. நண்பன் சைக்கிளை நிறுத்திவிட்டான். இந்தக் கடைசியில் நின்றால் அந்தக் கடைசி தெரியாத தண்ணீர். நத்தைகுத்தி நாரைகள் வரிசையாக நிற்கின்றன. நீர்க்காகம் முங்கி முங்கி எழுகிறது. கரையை ஒட்டி ஒற்றை மடையான், தியானத்தில் இருக்கிற மாதிரி. இந்தப் பக்கம் கதிர் முற்றித் தலை சாய்ந்த சம்பா.

“ஒத்துக்கறேன்டா” என்றான். “இது அதைவிட ஒரு படி மேல.”

பந்தயத்தில் ஜெயித்த எனக்குச் சந்தோஷப்பட மட்டும் முடியவில்லை. முந்தின நாள் ராத்திரி மாமா சொன்னது ஞாபகத்தில் இருந்தது. இந்த ஏரி பல வருஷம் தூர்ந்து மேடாகிக் கிடந்தது. 2010களில் நிலக்கரி நிறுவனம்தான் தூர்வாரிக் கொடுத்தது. இன்றைக்கு இது கடல் மாதிரி நிற்பதற்குக் காரணமும் மழை மட்டுமில்லை. சுரங்கத்தில் இறைக்கிற தண்ணீர் பரவனாறு வழியாக இங்கே வருகிறது. கீழே இருக்கிற ஆயிரக்கணக்கான ஏக்கருக்குப் பாசனம். நல்ல காரியம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் எந்தப் பள்ளத்தின் மேல் அந்தப் பெரியவரின் ஊர் ‘காற்றில்’ நிற்கிறதோ, அந்த மாதிரிப் பள்ளத்திலிருந்து வந்த தண்ணீரில்தான் இந்த நாரைகள் நிற்கின்றன. நிலத்தடி நீர்மட்டம் கீழே போய்விட்டது, எங்கள் கிணறு வற்றிவிட்டது என்று சுற்றுவட்டாரத்து விவசாயிகள் வருஷக்கணக்காகச் சொல்லி வருகிறார்கள். பி.காம். முதல் வருஷத்தில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்த பாடம், ஒரு பக்கம் எழுதினால் எதிர்ப்பக்கமும் எழுத வேண்டும் என்பது. அழகு விஷயத்தில் நாம் எல்லோரும் ஒரு பக்கம் மட்டுமே எழுதுகிற கணக்குப்பிள்ளைகள்.

இதை நண்பனிடம் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவனுடைய பச்சை வெனிஸின் எதிர்ப்பக்கத்தை அவனே சொன்னான்.

அந்தச் சதுப்பு நிலமும் இயற்கை கொடுத்தது இல்லையாம். கடல் விட்டுப்போன சேற்றில் மத்திய காலத்தில் மடத்துத் துறவிகள் வெட்டிய வாய்க்கால்கள் அவை. பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர்களை அழைத்துவந்து இன்னும் வடித்தார்கள். சமீப காலத்தில் ஈரப் புல்வெளியை வடித்து மக்காச்சோளம் போட ஆரம்பித்தார்கள். புல்வெளி போன வேகத்தைப் பார்த்து, அந்தப் பகுதிக்கு இருந்த இயற்கைப் பூங்கா அந்தஸ்தையே 1990களில் அரசாங்கம் எடுத்துவிட்டது. திரும்பக் கிடைத்தது 2014-ல். இப்போது பிரச்னை நிலத்தடி நீர். குளிர்காலத்தில் அதை இறைத்துப் பெரிய பெரிய தொட்டிகளில் நிரப்பி, கோடையில் பாசனம் செய்கிறார்கள். எங்கள் சதுப்பு காய்ந்துவிடும் என்று ஒரு கோஷ்டி, தண்ணீர் இல்லாமல் விவசாயம் எப்படி என்று ஒரு கோஷ்டி. 2023 மார்ச்சில் சேன்த் சொலீன் என்ற ஊரில் ஆயிரக்கணக்கானவர்களுக்கும் போலீசுக்கும் பெரிய மோதல். கண்ணீர்ப்புகை, ரத்தக்காயம்.

“அடுத்த மே மாசம் நான் அங்க சைக்கிள் ஓட்டினேன்” என்றான் நண்பன். “வழியில சுவத்துல எழுதியிருந்தாங்க. நான் படிச்சேன். போட்டோ எடுக்கும்போது அது ஃபிரேம்ல வராம பாத்துக்கிட்டேன்.”

*

சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் வளையமாதேவி. அங்கே சைக்கிளை நிறுத்தவேண்டும் என்று நான்தான் சொன்னேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2023 ஜூலை. பரவனாற்றைத் திருப்பிவிட வாய்க்கால் வெட்டுவதற்காக, விளைந்து நின்ற பச்சை நெல்லுக்குள் இயந்திரங்கள் இறங்கின. டி.வி.யில் பார்த்தோம். நிலத்தைச் சட்டப்படி பல வருஷம் முன்பே எடுத்துவிட்டோம், பணமும் கொடுத்தாகிவிட்டது, வாய்க்கால் இல்லாவிட்டால் மழைக்காலத்தில் வெள்ளம் சுரங்கத்துக்குள் புகுந்து மின்சாரம் நின்றுவிடும் என்றது நிறுவனம். அதிலும் பொய் இல்லை. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதி எம்.தண்டபாணி, அந்தக் காட்சியைப் பார்த்துத் தனக்குக் கண்ணீர் வந்ததாகச் சொன்னார். அறுவடை வரை இரண்டு மாதம் பொறுத்திருக்கக் கூடாதா என்று கேட்டார். வாடிய பயிரைப் பற்றி வள்ளலார் பாடியதை கோர்ட்டிலேயே நினைவுபடுத்தினார். வள்ளலாரின் அடுப்பு எரிகிற ஊரிலிருந்து சைக்கிளில் வருகிற தூரம்தான் அந்த வயல். பயிருக்கு நஷ்ட ஈடாக ஏக்கருக்கு 40 ஆயிரம் ரூபாய் கொடுக்கச் சொல்லி உத்தரவானது.

அந்த நீதிபதி பயிரை நேரில் பார்க்கவில்லை. நம்மைப் போல படத்தில்தான் பார்த்திருப்பார். ஆனால் நாம் ‘அடப்பாவமே’ என்று சொல்லிவிட்டு அடுத்த சேனலுக்குப் போனோம். அவர் ஒரு கேள்வி கேட்டார். விசாரிப்பது அவர் வேலை என்பீர்கள். வாஸ்தவம். விசாரணை என்ற வார்த்தைதான் கோர்ட்டுக்கும், அதே வார்த்தையின் அண்ணன் தம்பிதான் நலம் விசாரிப்பதற்கும், துக்கம் விசாரிப்பதற்கும்.

வீராணம் கரையை எட்டியபோது உச்சி வெயில். பராந்தக சோழன் காலத்து ஏரி. வீரநாராயணன் என்ற அவன் பட்டப்பெயர்தான் ஏரிக்கு. ஏறத்தாழ 45 ஆயிரம் ஏக்கருக்குப் பாசனம். ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்கு வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கன்று இந்தக் கரையில் குதிரையில் வருவதுதான் முதலில் ஞாபகம் வரும். யோசித்தால் அவனும் ஊர் சுற்றிப் பார்க்கிறவன்தான். ஆனால் ஒன்று கவனித்திருப்பீர்கள். அவன் போகிற இடமெல்லாம் வாயைத் திறந்து யாரையாவது எதையாவது கேட்டுக்கொண்டே போவான். வம்பில் மாட்டுவதும் அதனால்தான். குதிரையாக இருந்தாலும் சைக்கிளாக இருந்தாலும் அதில் ஒரு சௌகரியம் உண்டு. கண்ணாடி கிடையாது. நாம் யாரையும் கேட்கலாம். அதைவிட முக்கியம், “யாரு வீட்டுக்கு?” என்று யாரும் நம்மைக் கேட்கலாம். ஏ.சி. காரில் போகிறவனை யார் நிறுத்திக் கேட்க முடியும்?

*

ராத்திரி சாப்பிடும்போது இதையெல்லாம் மாமாவிடம் கொட்டினேன். துக்கம் விசாரிக்கிற மாதிரி ஊரைப் பார்க்க வேண்டும் என்ற என் கண்டுபிடிப்பையும் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“துக்கம் விசாரிக்க இங்க யாருய்யா செத்துப்போனாங்க? முப்பத்தஞ்சு வருஷம் ராத்திரி ஷிப்ட், பகல் ஷிப்ட்னு பாத்திருக்கேன். மழை நாள்ல சுரங்கத்துக்குள்ள முட்டி வரைக்கும் சேத்துல நின்னிருக்கோம். எதுக்கு? உங்க வீட்டு ஃபேன் ஓடணும்னுதான். தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா, இதோ உன் ஃப்ரெண்டோட பாண்டிச்சேரி, எல்லாருக்கும் இங்கேருந்துதான் போச்சு. எங்கப்பா மழையை நம்பி மானாவாரி வெள்ளாமை பண்ணவர். உங்கக்காவக் கட்டி, ரெண்டு புள்ளைங்கள இன்ஜினீயர் ஆக்கினது இந்த நெலக்கரி. இது எழவு வீடு இல்ல, கல்யாண வீடு. நீ ரெண்டு நாள் சைக்கிள் ஓட்டிட்டு வந்து தர்மம் பேசாத.”

அக்கா என்னைப் பார்த்து, பேசாதே என்று கண்ணைக் காட்டினாள்.

அவர் சொன்னதும் நியாயம்தான். முதல் அனல் மின் நிலையம் 2020-ல் மூடப்பட்டபோது, அதில் வேலை பார்த்த பெரியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. அதையும் நான் யாரிடமும் விசாரித்ததில்லை. ஒரே வீட்டில் முன்வாசலில் கல்யாணமும் கொல்லைப்புறத்தில் துக்கமும் நடக்க முடியும். முன்வாசல் வழியாகப் போகிறவன் வாழை மரத்தைப் பார்ப்பான். கொல்லை வழியாகப் போகிறவன் அழுகையைக் கேட்பான். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. எங்கேயோ உட்கார்ந்து அந்த வீட்டுச் சாப்பாட்டைப் பார்சலில் வாங்கிச் சாப்பிடுகிற என்னை மாதிரி ஆள்தான் இரண்டையும் பார்க்காதவன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். யார் உப்பிட்டது என்றே தெரியாமல் எப்படி நினைப்பது?

ஆகவே போய்ப் பார்ப்பது தப்பா என்பது சரியான கேள்வியே இல்லை. என் வீட்டுக்கு வெளிச்சமும் தண்ணீரும் வருகிற ஊரைப் பார்க்காமலே இருந்ததுதான் பெரிய தப்பு. பார்த்துவிட்டு விசாரிக்காமல் வந்தால் அது அடுத்த தப்பு. விசாரித்தால் மட்டும் என்ன ஆகிவிடும் என்பீர்கள். நிலம் திரும்பாது, நீர்மட்டம் ஏறாது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விசாரித்தவனால் அதற்கப்புறம் ‘எனக்குத் தெரியாதே’ என்று சொல்ல முடியாது. நஷ்ட ஈடு எவ்வளவு என்ற பேச்சு வரும்போது, ‘அதான் பணம் கொடுத்தாச்சே’ என்று சுலபமாகச் சொல்ல வராது. எதிர்த்தரப்பை ‘ராட்சசர்கள்’ என்று சொல்லவும் வராது. இந்த இரண்டு வாக்கியமும் ஒருவன் வாயில் வராமல் போனால் அது சின்ன விஷயமில்லை என்று நினைக்கிறேன்.

மாமா கோபம் தணிந்து மோர் ஊற்றிக்கொண்டார். “சரி, அந்த ஆட்டுக்காரர் எந்த ஊரு? பேர் சொல்லு, எனக்குத் தெரிஞ்சிருக்கும்” என்றார்.

நானும் நண்பனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவரோடு நின்று இருபது நிமிஷம் பேசியிருக்கிறோம். பதினேழு போட்டோ எடுத்திருக்கிறோம். ஊர் பெயரைக் கேட்கவில்லை. இருபது வருஷமாகப் பத்திரிகையில் வேலை பார்க்கிறேன்.

*

மறுநாள் பஸ்ஸுக்கு முன்னால் ஹெர்குலிஸை எடுத்துக்கொண்டு நான் மட்டும் போனேன். அதே மேடு, அதே ஆடுகள். பெரியவர் முந்திரி நிழலில் உட்கார்ந்திருந்தார்.

“என்ன தம்பி, இன்னும் பாத்து முடியலையா?”

“அய்யா, உங்க ஊர் பேரைக் கேக்காம போயிட்டேன்.”

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு பெயரைச் சொன்னார். அதோடு நிற்கவில்லை. எழுந்து மேட்டின் ஓரத்துக்கு வந்து, கழியால் காற்றில் கோடு போட ஆரம்பித்தார். அதோ அந்த மெஷின் நிற்கிறதே, அதற்கு மேலே, அதுதான் எங்கள் தெரு. இந்தக் கடைசியில் எங்கள் வீடு, அடுத்தது சித்தப்பா வீடு, அப்புறம் ஒரு சந்து, சந்து முடிந்தால் குளம். குளத்தில் எந்த மாதம் அல்லி பூக்கும், எந்தக் கிணற்றுத் தண்ணீர் இனிக்கும், அரசமரத்தடியில் சாயங்காலம் யார் யார் உட்கார்வார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று. நான் போட்டோ எடுக்கவில்லை. ஊரின் பெயரை இங்கே எழுதவும் இல்லை. எழுதினால் படித்துவிட்டு நீங்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவீர்கள். அந்தப் பக்கம் போனால் நீங்களே கேளுங்கள், சொல்வார்.

துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் கிளம்பும்போது ‘போய்ட்டு வரேன்’ என்று சொல்லக் கூடாது என்பது நம் வழக்கம். அந்த நினைப்பில், ஒன்றும் சொல்லாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

பின்னாலிருந்து கூப்பிட்டார்.

“என்னா தம்பி, சொல்லாம கொள்ளாம போறீங்க? இங்க யாரும் சாவல. போய்ட்டு வரேன்னு சொல்லுங்க.”

“போய்ட்டு வரேங்கய்யா” என்றேன்.